சுடர் சோதனையில் எல்லாப் பொடியும் மஞ்சளாகவே எரிகிறது, எங்கே தப்பு செய்கிறோம்?

டெக்சாஸ் அம்மா:
வணக்கம். என் மகளும் அவள் தோழியும் சயின்ஸ் ஒலிம்பியாட் என்ற பள்ளி அறிவியல் போட்டியில் பாரன்சிக்ஸ் (தடயவியல்) எடுத்திருக்கிறார்கள், இருவரும் பத்தாம் வகுப்பு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு குற்றக் கதையைக் கொடுத்து, கிடைத்த வெள்ளைப் பொடிகள், உலோகத் துண்டுகள், இழைகள், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் 50 நிமிடத்துக்குள் இருவர் சேர்ந்து சோதித்து, யார் குற்றவாளி என்று காரணத்தோடு எழுத வேண்டும். போன சனிக்கிழமை ஒரு பயிற்சிப் போட்டியில் மூன்று பொடிகளுக்குச் சோடியம் குளோரைடு என்று எழுதிவிட்டு வந்துவிட்டார்கள். மூன்றில் ஒன்றுகூட அது இல்லை! பொட்டாசியம் குளோரைடு, அம்மோனியம் குளோரைடு, சோடியம் அசிடேட். மூன்றும் தண்ணீரில் கரைந்தன, மின்சாரம் கடத்தின, அமிலம் விட்டால் நுரைக்கவில்லை, கம்பியில் எடுத்துச் சுடரில் காட்டினால் மூன்றும் சோடியத்துக்கே உரிய மஞ்சள். நான் ப்ளஸ் டூவில் உப்புப் பகுப்பாய்வு செய்தவள்தான், ஆனால் இவர்களிடம் இருப்பது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், சோடியம் ஹைட்ராக்சைடு, அயோடின், பெனடிக்ட் கரைசல், அமில காரத் தன்மையை நிறத்தால் காட்டும் பி.எச். தாள் மட்டுமே. அடுத்த போட்டிக்கு மூன்று வாரம் இருக்கிறது. பிள்ளை அழுதுவிட்டாள், அதனால்தான் கேட்கிறேன்.

ஆய்வக அண்ணன்:
அக்கா, பொடியை விடுங்கள். வெறும் கம்பியை மட்டும் சுடரில் காட்டச் சொல்லுங்கள், என்ன நிறம் வருகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

டெக்சாஸ் அம்மா:
இப்போதுதான் பள்ளி ஆய்வகத்திலிருந்து மகள் கூப்பிட்டாள். வெறும் கம்பியே மஞ்சளாக எரிகிறதாம்.

ஆய்வக அண்ணன்:
அதுதான். சோடியம் துளியூண்டு இருந்தாலே மற்ற நிறங்களை மறைத்துவிடும். அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கம்பியின் நுனியை விரலால் தொடுகிறார்களா? வியர்வையில் உப்பு இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் கழுவுகிறார்களா? அதிலும் இருக்கிறது. பெரும்பாலும் குற்றவாளி அமிலக் கோப்பைதான். எல்லாப் பொடிக்கும் நடுவில் ஒரே கோப்பையில் முக்கி எடுத்தால், நான்காவது பொடிக்கு வரும்போது அந்த அமிலமே உப்புக் கரைசலாகிவிடும், சுத்தம் செய்வதாக நினைத்துக் கொண்டு ஒவ்வொரு முறையும் சோடியத்தைப் பூசிக் கொள்கிறோம். புது அமிலம் சில சொட்டு, காய்ச்சி வடித்த நீர், முக்கு, காட்டு, முக்கு, காட்டு, நிறம் இல்லாமல் போகும் வரை. பொட்டாசியத்தின் வெளிர் ஊதா அதன் பிறகும் கண்ணுக்குச் சட்டென்று படாது, கோபால்ட் நீலக் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள், மஞ்சளை அது விழுங்கிவிடும். கண்ணாடி கொண்டுபோகலாமா என்று இந்த வருட விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நியூஜெர்சி மாமா:
சரி, சுடருக்கு வருவதற்கு முன்பே இந்த மூன்றையும் பிரித்துவிடலாமே. அம்மோனியம் குளோரைடு தண்ணீரில் போட்டதும் சோதனைக் குழாய் ஜில்லென்று ஆகும், கையில் பிடித்தாலே தெரியும்.

ஆய்வக அண்ணன்:
மாமா, அதை மட்டும் நம்ப வேண்டாம். பொட்டாசியம் குளோரைடு கரையும்போதும் நன்றாகவே குளிரும், என் அணியில் இதே இடத்தில்தான் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். சோடியம் ஹைட்ராக்சைடு சில சொட்டு விட்டு, ஈரமான பி.எச். தாளைக் குழாயின் வாயருகே, சுவரில் படாமல் பிடிக்க வேண்டும். அம்மோனியம் என்றால் தாள் நீலமாகும், பொட்டாசியத்துக்கு ஒன்றும் ஆகாது. மூக்கை நேரே கொண்டுபோகாமல் கையால் விசிறி முகர்ந்தால் நெடியும் தெரியும். சோடியம் அசிடேட்டுக்கு அதே விசிறல், ஆனால் அமிலம் விட்டபின்: வினிகர் வாசனை அடிக்கும். நுரை வரவில்லை என்று எழுதிவிட்டு நகர்ந்தவர்கள் வாசனையைப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்தப் போட்டியில் நிறைய மதிப்பெண் அப்படித்தான் போகிறது, ஒரு சோதனைக்கு ஒரு கேள்விதான் என்று பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். இதெல்லாம் செய்யும்போது பாதுகாப்புக் கண்ணாடி கண்ணில் இருக்க வேண்டும், நெற்றியில் அல்ல.

நியூஜெர்சி மாமா:
ஆமாம், பொட்டாசியத்தை மறந்தே போனேன். நன்றி தம்பி. அக்கா, வீட்டில் பழக இன்னொன்று: கடையில் உப்புக்கு மாற்றாக விற்கும் சோடியம் இல்லாத உப்பு பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான், டப்பாவின் பின்பக்கம் படித்துப் பார்த்து வாங்குங்கள், சிலவற்றில் சாதா உப்பும் கலந்திருக்கும்.

டெக்சாஸ் அம்மா:
ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தோம். அமிலக் கோப்பையேதான் அண்ணா! பத்துப் பொடிக்கும் ஒரே கோப்பை, அதன் அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் படிந்தே கிடந்தது. புது அமிலத்தில் ஐந்தாவது முறை காட்டியபோதுதான் சுடரில் மஞ்சள் வராமல் கம்பி மட்டும் சிவந்தது. பொட்டாசியம் குளோரைடை எடுத்து நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இப்போது சுடரைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள், முதலில் குழித்தட்டில் எல்லாப் பொடியையும் வரிசையாக வைத்து, தண்ணீர், அமிலம், காரம் என்று தோழி விட்டுக்கொண்டே போக, மகள் எழுதுகிறாள். இன்னும் ஒரு சிக்கல்: ஆப்ப சோடாவும் சோடியம் கார்பனேட்டும். இரண்டும் அமிலத்தில் பொங்குகின்றன, இரண்டும் மஞ்சள் சுடர்.

ஆய்வக அண்ணன்:
பி.எச். தாள் போதும். ஆப்ப சோடா 8 அருகில் நிற்கும், கார்பனேட் 11 வரை ஏறும், தாளில் நிறம் அப்பட்டமாக வேறுபடும். கார்பனேட் வாங்கக்கூட வேண்டாம், ஆப்ப சோடாவைத் தட்டில் மெல்லப் பரப்பி ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால் நீரும் கார்பன் டை ஆக்சைடும் போய் அதுவே கார்பனேட்டாகிவிடும். ஆறியபின் கையுறை போட்டு எடுக்கச் சொல்லுங்கள், தோலில் எரிச்சல் தரலாம். இரண்டு டப்பாவிலும் பெயர் எழுதாமல் நீங்கள் மட்டும் குறித்து வைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் கொடுங்கள்.

டெக்சாஸ் அம்மா:
ஓவன் சூடாகிறது. குறித்து வைக்கும் தாளை அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டேன், அங்கே தேட மாட்டார்கள்.