புதுப்பிப்பு: பெட்டா (ஃபைட்டர் மீன்) குஞ்சுகள் நீந்த ஆரம்பித்துவிட்டன

கோவையில் வீட்டுத் தொட்டியில் பெட்டா ஜோடி சேர்த்திருக்கிறேன், ஆண் நுரைக்கூடு கட்டிவிட்டது, அடுத்து என்ன என்று கேட்டிருந்தேன் அல்லவா, அதன் தொடர்ச்சி. முட்டை போட்டு முடித்ததும் பெண்ணைத் தனியே மாற்றிவிட்டேன். விட்டால் ஆண் குதறிவிடும். அப்புறம் எல்லாம் அப்பன் பொறுப்பு. நழுவி விழும் முட்டையை வாயில் கவ்வி நுரைக்குள் துப்புவதை நாள் முழுக்கப் பார்க்கலாம். 27 டிகிரியில் 2 நாளுக்குள் பொரிந்து, வால் தொங்க நுரையில் ஒட்டிக்கிடந்தன. குஞ்சுகள் படுக்கைவாட்டில் நீந்தியதும் ஆணையும் எடுத்தாயிற்று. இப்போது தீனி இன்ஃபுசோரியா (தண்ணீரில் வளரும் நுண்ணுயிர்கள்), அடுத்து ஆர்ட்டீமியா (பொடி உப்புநீர் இறால் குஞ்சு). பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஊரில் தொட்டிக்கு மூடி முக்கியங்க: மேலே வந்து காற்றைச் சுவாசிக்க உதவும் லேபிரிந்த் உறுப்பு உருவாகும் சமயத்தில் குளிர்காற்று குஞ்சுகளுக்கு ஆகாது. பாதாம் இலை போடச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. தண்ணீர் கடுங்காப்பி நிறமாகிவிட்டதால் வீட்டில்தான் திட்டு.