கிரேட் 12 பிள்ளைகளுக்கு ஜி.பி.எஸ். வடிவியல்: நடத்தலாமா, வேண்டாமா?

சாட்ஸ்வர்த் வாத்தியார்:
ஜி.பி.எஸ். இடம் கண்டுபிடிக்கும் கணக்கை கிரேட் 12-இல் இரண்டு வகுப்பு எடுத்து நடத்த வேண்டும் என்கிறேன். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாண வரைபடத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஸ்டாங்கர், போர்ட் ஷெப்ஸ்டோன் மூன்றும் மையங்கள். டர்பன் என்ற பெயரைச் சொல்லாமல், மூன்று ஊரிலிருந்தும் அதற்கு உள்ள நேர்த்தூரங்களை மட்டும் ஆரமாகக் கொடுத்து வட்டம் போடச் சொல்லலாம். முதல் இரண்டு வட்டங்கள் இரண்டு இடத்தில் வெட்டும்; மூன்றாவது, டர்பனைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜி.பி.எஸ்.-இல் மையங்கள் வானத்துச் செயற்கைக்கோள்கள்; வட்டத்துக்குப் பதில் கோளம், அவ்வளவுதான்.

பீனிக்ஸ் அம்மா:
சார், என் மகள் இந்த வருஷம் மெட்ரிக், அதாவது கிரேட் 12 இறுதித் தேர்வு. வட்டத் தேற்றங்களே இன்னும் கைக்கு வரவில்லை. தேர்வில் கேட்காததற்கு இரண்டு வகுப்பா? ஆர்வம் உள்ளவர்களுக்குச் சனிக்கிழமை நடத்துங்கள். மற்றவர்களை விட்டுவிடுங்கள்.

சாட்ஸ்வர்த் வாத்தியார்:
அம்மா, வட்டத்தின் சமன்பாடு கணிதத் தேர்வின் இரண்டாம் தாளில் வருவதுதானே? ஒரு வட்டச் சமன்பாட்டிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் இருபடி உறுப்புகள் அடிபட்டு, நேர்கோட்டுச் சமன்பாடு மிஞ்சும். மூன்று வட்டத்தில் அப்படி இரண்டு கோடு கிடைக்கும். அவை வெட்டும் புள்ளிதான் நாம் நிற்கும் இடம். உங்கள் மகள் எப்படியும் போட்டுப் பழக வேண்டிய கணக்குதான்.

ஓய்வுபெற்ற சர்வேயர்:
எத்தனை வகுப்பு என்பதைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. 'அவ்வளவுதான்' என்றீர்களே வாத்தியார், அதைத்தான் மறுக்கிறேன். செயற்கைக்கோள் தூரத்தைச் சொல்வதில்லை. சிக்னல் கிளம்பிய நேரத்தைச் சொல்கிறது. அது வந்து சேர்ந்த நேரத்தை நம் போன்தான் பார்க்க வேண்டும். மேலே இருப்பது அணுக் கடிகாரம், கையில் இருப்பது சாதாரணக் கடிகாரம். சிக்னல் ஒளியின் வேகத்தில் வருவதால், அந்தக் கடிகாரம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரம் 300 கி.மீ. மாறிவிடும். செயற்கைக்கோள்கள் இருப்பதே சுமார் 20,200 கி.மீ. உயரத்தில். அதனால் தீர்க்கரேகை, அட்சரேகை, உயரத்தோடு கடிகாரப் பிழையும் சேர்ந்து தெரியாதவை நான்கு. செயற்கைக்கோளும் நான்கு வேண்டும். மூன்று கோளத்தோடு நிறுத்தினால் பிள்ளைகள் தப்பாகவே படித்துக்கொண்டு போவார்கள். சர்வேக்காக மலை உச்சியில் நட்ட வெள்ளைத் தூண்களைத் தியோடலைட்டில் பார்த்து நாங்கள் கோணம் அளந்தோம். இங்கே கோணமே கிடையாது, எல்லாம் நேரம்தான். அந்த வித்தியாசம் வகுப்பிலேயே புரிய வேண்டும்.

சாட்ஸ்வர்த் வாத்தியார்:
ஐயா, முதல் நாளே நான்கு மாறிகளைக் கொண்டுபோனால் பாதி வகுப்பு புத்தகத்தை மூடிவிடும். முதலில் சுத்தமான வட்டம், அப்புறம் பிழை.

ஓய்வுபெற்ற சர்வேயர்:
அதே வரைபடம் போதும். மூன்று தூரத்திலும் 10 கி.மீ. கூட்டிக் கொடுங்கள். வட்டங்கள் ஒரு புள்ளியில் சேராமல் டர்பனைச் சுற்றி ஒரு வளைந்த முக்கோணத்தை விட்டுவைக்கும். ஆரங்களை ஒரே அளவில் குறைத்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். 10 குறைந்ததும் மூன்றும் ஒன்றுசேரும். ஊரும் கிடைத்தது, பிழையும் கிடைத்தது. தாளில் உயரம் இல்லாததால் மூன்றே போதும். இதற்குப் புது மாறி எதுவும் எழுத வேண்டியதில்லை, காம்பஸ் இருந்தால் சரி.

பீனிக்ஸ் அம்மா:
நீங்கள் சொல்வதைப் பேனாவால் போட்டுப் பார்த்தேன் ஐயா, எனக்கே புரிகிறது. ஆனாலும் ப்ரிலிம் என்ற முன்தேர்வு நெருங்கும் மூன்றாம் டேர்மில் இதைத் தொடாதீர்கள். வட்டச் சமன்பாடு நடத்தும்போதே ஒரு வகுப்பு, அதற்கு மேல் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சாட்ஸ்வர்த் வாத்தியார்:
ஒரு வகுப்பில் கழித்தலை முடிக்கலாம், பிழையைத் தேடும் வேலை முடியாது. எனக்கு இரண்டு வேண்டும் அம்மா.