தெரிந்த சொல்தான் தடுக்கி விடுகிறது: வணிகம், கணக்கு, பொருளியல் படித்த அனுபவங்கள்

கணக்குப்பதிவியல் சொல்லித் தரும் ஆசிரியை

கணக்குப்பதிவியல் படிக்க ஆரம்பித்தபோது கூட்டல் கழித்தலில் எனக்கு எந்தச் சிரமமும் இல்லை. 'வரவு' என்ற ஒரே சொல்லில்தான் மாட்டிக்கொண்டேன். பிறந்ததிலிருந்து வரவு என்றால் கைக்கு வந்த பணம். பாடப்புத்தகமோ, பணம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கைப் பற்று செய், அதாவது வரவுக்கு எதிர்ப்பக்கத்தில் எழுது என்றது. ஏன் என்று கேட்கத் தயங்கி, விதியை மனப்பாடம் செய்தே தேர்வுகளைத் தாண்டிவிட்டேன்.

நான் பாடம் எடுக்க வந்த பிறகுதான் தெளிவு பிறந்தது, அதுவும் ஒரு மாணவியால். தன் வங்கிப் பாஸ்புக்கை விரித்து மேசையில் வைத்தாள். "டீச்சர், நான் 5,000 போட்டேன். நாம் எழுதுகிற ஏட்டில் வங்கிக் கணக்குக்குப் பற்று. இதில் வரவு என்று இருக்கிறது. எது தப்பு?"

இரண்டும் சரிதான் என்று தெரியும். ஆனால் அவளுக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமே. "இந்தப் புத்தகத்தில் இருப்பது யார் எழுதிய கணக்கு?" என்று கேட்டேன். "வங்கி எழுதியது" என்றாள். வங்கியின் ஏட்டில் அவள் பெயருக்கு ஒரு பக்கம் இருக்கிறது. அவளிடமிருந்து பணம் வந்தது, அதனால் அந்தப் பக்கத்தில் வரவு. அவளுடைய ஏட்டில் வங்கிக்கு ஒரு பக்கம். வங்கி பணத்தைப் பெற்றுக்கொண்டது, அதனால் அங்கே பற்று. பற்றிக்கொண்டவருக்குப் பற்று, யாரிடமிருந்து வந்ததோ அவருக்கு வரவு. பணம் வாங்கியவர் எழுதிக் கொடுப்பதைப் பற்றுச்சீட்டு என்றுதானே சொல்கிறோம்! அந்தச் சொல்லுக்குள்ளேயே விதி இருந்திருக்கிறது. பணப்பெட்டியையும் ஓர் ஆளாக நினைத்துக்கொண்டால் ரொக்கக் கணக்கும் அப்படியே பொருந்திவிடும்: பெட்டி வாங்கிக்கொண்டது, பெட்டிக்குப் பற்று.

லூக்கா பச்சோலி என்ற துறவி 1494இல் வெனிஸ் நகரில் அச்சிட்ட கணித நூலில், ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் ஒரு கணக்கில் பற்றாகவும் இன்னொரு கணக்கில் வரவாகவும் எழுதும் இரட்டைப் பதிவு முறையை விளக்கினார். அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை, வணிகர்களிடம் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததைத்தான் எழுதி வைத்தார். ஜெனோவா நகர நிர்வாகத்தின் 1340ஆம் ஆண்டுக் கணக்குகளிலேயே அந்த முறை இருக்கிறது. இதை நான் வகுப்பில் கட்டாயம் சொல்வேன். யாருக்கு யார் எவ்வளவு தரவேண்டும் என்று மறக்காமல் இருக்க வியாபாரிகள் உண்டாக்கிக்கொண்ட வழி இது என்று தெரிந்தால், பிள்ளைகளுக்குப் பாதி பயம் போய்விடுகிறது. உரிமையாளர் போட்ட மூலதனம் ஏன், நிறுவனம் தரவேண்டியதைக் காட்டும் பொறுப்புகள் பக்கம் வருகிறது என்ற கேள்விக்கும் இதே பதில்தான். நிறுவனம் வேறு, உரிமையாளர் வேறு. அவர் கொடுத்ததை நிறுவனம் அவருக்குத் தர வேண்டியிருக்கிறது.

சிறு நிறுவனத்தில் கணக்கு எழுதுபவர்

என்னைத் தடுக்கிய சொல் 'இலாபம்'.

வேலைக்குச் சேர்ந்து முதல்முறையாக மாதக் கணக்கை முடித்துக் கொடுத்தேன். இலாபம் வந்திருந்தது, பெருமையாக இருந்தது. முதலாளி அந்த வரியில் விரலை வைத்து, "இது இப்போ எங்கே இருக்கு?" என்று கேட்டார். மறுநாள் சம்பள நாள், வங்கியில் பணம் இல்லை. எனக்கு வாய் அடைத்துப்போனது.

எண்களைச் சுருக்கிச் சொல்கிறேன். விற்பனை 1,000, அவ்வளவும் கடனுக்கு. பொருளுக்கும் கூலிக்கும் கையிலிருந்து கொடுத்தது 700. அதே மாதம் 1,200க்கு ஓர் இயந்திரம் ரொக்கமாக வாங்கினோம். ஐந்து ஆண்டு உழைக்கும் என்று வைத்துக்கொண்டால் மாதத் தேய்மானம், அதாவது அதன் விலையில் அந்த மாதச் செலவாக எழுதும் பங்கு, 20. இலாபம் எவ்வளவு? 1,000இல் 720 போக 280. கையிலிருந்து போன பணம்? 1,900. உள்ளே வந்தது ஒன்றுமில்லை.

அன்று மாலை கடனாளிகள் பட்டியலை எடுத்து உட்கார்ந்தேன். முதலாளி கேட்ட இலாபம் அங்கே, பெயர் பெயராக, வசூலாகாமல் கிடந்தது. இயந்திரம் வாங்கிய பணம் சொத்தாக நின்றது. இலாப நட்டக் கணக்கில் பொய் எதுவும் இல்லை. அது சம்பாதித்ததைச் சொல்கிறது, கையில் இருப்பதைச் சொல்வதில்லை. படிக்கும்போதே யாராவது இலாபத்தையும் ரொக்க ஓட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன். இப்போது நான் கொடுக்கும் மாதக் கணக்கில் அப்படித்தான் இருக்கும்.

பொருளியல் மாணவர்

என் சொல் 'வேலையில்லாதவர்'. வேலை இல்லை என்றால் வேலையில்லாதவர், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

பயிற்சிக்காக ஒரு கணக்கெடுப்புக்குப் போனோம். படிவத்தில் மூன்று கேள்விகள். சென்ற வாரம் கூலிக்கோ இலாபத்துக்கோ ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா? கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடினீர்களா? கிடைத்தால் உடனே சேர முடியுமா? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறையை ஒட்டிய கேள்விகள். ஒரு நடுவயதுக்காரர் முதல் கேள்விக்கு இல்லை என்றார். இரண்டாவதற்கு, "தேடித் தேடி விட்டுட்டேன் தம்பி" என்றார். பேனா அப்படியே நின்றுவிட்டது. விதிப்படி அவர் வேலையில்லாதவர் இல்லை, தொழிலாளர் படைக்கு (வேலையில் இருப்பவரும் வேலை தேடுபவரும் சேர்ந்தது) வெளியே இருப்பவர்.

வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேலையில் 54 பேர், தேடுபவர் 6 பேர் என்றால் தொழிலாளர் படை 60, வேலையின்மை விகிதம் 10 சதவீதம். தேடுபவரில் இரண்டு பேர் மனம் விட்டுப்போய் நிறுத்திவிட்டால், 58 பேரில் 4 பேர், சுமார் 6.9 சதவீதம். புதிதாக ஒருவருக்கும் வேலை கிடைக்கவில்லை, விகிதம் மட்டும் இறங்கிவிட்டது.

வரையறை தவறு என்று நான் சொல்லவில்லை. எங்காவது கோடு போட்டால்தான் நாடுகளை ஒப்பிட முடியும். ஆனால் விகிதம் குறைந்தது என்று படித்தால், மொத்த மக்களில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்ற எண்ணையும் தேடிப் பார்க்கிறேன். அந்த அண்ணனின் படிவத்தில் ஓரமாக 'தேடி அலுத்தவர்' என்று பென்சிலால் எழுதி வைத்தேன். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.