மறு: கொன்ஹெத்தூராவும் பிரெசுன்சியோனும் – எல்லாவற்றுக்கும் ‘ஊகம்’ போதுமா?

> ஸ்பானியச் சொற்பட்டியலில் ஊகத்தோடு தொடர்புள்ள இந்தச் சொற்கள் எல்லாவற்றுக்கும் ‘ஊகம்’ என்றே போட்டுவிடலாம். படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்.

அன்புள்ள ஐயா, வணக்கம்.

பேச்சுக்கு அது சரி. சட்டமும் கணிதமும் மொழிபெயர்ப்பவருக்குப் போதாது.

முதலில் ‘பிரெசுன்சியோன்’. 1978ஆம் ஆண்டு ஸ்பானிய அரசமைப்பின் 24ஆம் பிரிவு ‘பிரெசுன்சியோன் தெ இனோசென்சியா’வை அடிப்படை உரிமையாகத் தருகிறது. அங்கே நீதிபதி எதையும் ஊகிப்பதில்லை. குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை ஒருவரைக் குற்றமற்றவர் என்றே சட்டம் கொள்கிறது. ‘குற்றமின்மை ஊகம்’ என்று எழுதினால், ‘ஒருவேளை குற்றமற்றவராக இருக்கலாம்’ என்பதுபோல அந்த உரிமையே தளர்ந்துவிடும். ‘முற்கோள்’ என்று வைக்கலாமா? முன்னதாகவே கொள்ளப்படுவது, மேற்கோள், குறிக்கோள், கருதுகோள் வரிசையில் இயல்பாக உட்காரும். இந்த ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வாதத்துக்காக உண்மையென்று எடுத்துக்கொள்வதைக் குறிக்கும் ‘சுபோசிசியோன்’ என்பதற்கு இலங்கைத் தமிழில் புழங்கும் ‘எடுகோள்’ இருக்கிறது. ‘இபோத்தெசிஸ்’ கருதுகோள்தான், அதைத் தொட வேண்டாம்.

‘ஊகம்’ என்பதைக் ‘கொன்ஹெத்தூரா’வுக்கே தனியாக விட்டுவைக்கலாம். குறிகளைக் கூட்டிப் பார்த்து எட்டும் முடிவு அது. 2ஐவிடப் பெரிய இரட்டைப்படை எண் ஒவ்வொன்றும் இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகை என்ற கருத்து, கணிதவியலர் கோல்ட்பாக் 1742இல் இன்னொரு கணிதவியலரான ஆய்லருக்கு எழுதிய கடிதத்திலிருந்து வருகிறது. அது ஸ்பானியத்தில் ‘கொன்ஹெத்தூரா தெ கோல்ட்பாக்’. இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. கணிதத்தின் இன்னொரு புகழ்பெற்ற ஊகமான புவான்கரேயின் ஊகத்தை ரஷ்யக் கணிதவியலர் பெரல்மான் 2002–03இல் வெளியிட்ட கட்டுரைகளில் மெய்ப்பித்துவிட்டார். ஆனாலும் பழக்கத்தில் அது இன்னும் கொன்ஹெத்தூராதான். ஆகவே பட்டியலில் ‘மெய்ப்பிக்கப்படாதது’ என்று மட்டும் விளக்கம் எழுதினால் பிழையாகும்.

ஊகத்தைச் சொல்ல ஸ்பானியருக்குப் பல நேரம் தனிச்சொல்லே தேவைப்படுவதில்லை, வினைமுற்றே போதும். ‘செரான் லாஸ் த்ரெஸ்’ என்பதை நாமும் எதிர்காலத்தில்தான் சொல்கிறோம்: ‘மணி மூணு இருக்கும்.’ நேற்றைய நேரத்தை ஊகிக்க அவர்கள் ‘செரியான்’ என்று வடிவை மாற்றுவார்கள். நமக்கு அங்கேயும் ‘இருக்கும்’ போதும். எடுத்துக்காட்டு வாக்கியங்களில் இவற்றை ‘என்று ஊகிக்கிறேன்’ என இழுக்காமல் இப்படியே விட்டால் அழகாக இருக்கும்.

‘எஸ்பெகுலாசியோன்’ ஒன்றுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சந்தையில் அது ‘ஊக வணிகம்’. நில விலையை ஏற்றும் ஊக வணிகத்தைத் தடுக்க வேண்டும் என்று அதே அரசமைப்பின் 47ஆம் பிரிவு சொல்வதும் இந்தச் சொல்லால்தான். ஆதாரமில்லாத பேச்சுக்கு ‘வெற்றூகம்’ என்று முன்மொழிகிறேன். ஆனால் தத்துவ நூல்களில் இதே சொல் ஆழ்ந்த சிந்தனையையும் குறிக்கும். அங்கே ‘வெற்று’ என்பது அநியாயம். அந்தப் பொருளுக்கு மட்டும் யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.