மறுமொழி: ‘எக்ஸ்க்ளோஷர்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

விலங்குகள் உள்ளே புகாதபடி அடைத்துவைத்த இடத்தை ஆய்வாளர்கள் ‘எக்ஸ்க்ளோஷர்’ (exclosure) என்கிறார்கள். அதைத் தமிழில் சொல்ல இதுவரை வந்த பரிந்துரைகள் நான்கு: தடுப்புவேலி, வெளியடைப்பு, விலக்கப்பட்ட பகுதி, மேயாவேலி. சொல் தேவைப்படுவது சினாய் மலை ரோஜாவைப் பற்றிய கட்டுரைக்கு. ஆகவே அந்த மலையில் வைத்தே இவற்றை உரசிப் பார்ப்போம்.

இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. ரோசா அராபிகா என்ற இந்த முட்புதர் எகிப்தின் தென் சினாயில், புனித கேத்தரின் மலைகளில் மட்டுமே வளர்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் லண்டன் விலங்கியல் கழகமும் 2012இல் வெளியிட்ட, மிகவும் ஆபத்திலுள்ள 100 உயிரினங்களின் பட்டியலில் இதுவும் இருந்தது. ஆண்டு மழை 100 மி.மீ.கூடத் தேறாத ஊர். குளிர்காலத்தில் உச்சிகளில் விழும் பனி உருகிக் கருங்கல் இடுக்குகளில் இறங்குகிறது. ஈரம் தங்கும் பள்ளங்களிலும் மலையிடுக்குகளிலும்தான் செடிக்குப் பிழைப்பு. ஆடு, கழுதைகளுக்கும் அந்த இடங்களில்தான் பச்சை கிடைக்கும். மூத்த புதர் முள்ளாலும் கட்டையாலும் தாக்குப்பிடித்துவிடும். இளந்தளிரும் நாற்றும் போய்விடும். அதனால்தான் வேலி போட்டுக் காக்க வேண்டியிருக்கிறது.

> ‘வேலி’ என்றாலே போதுமே, புதுச்சொல் எதற்கு?

பொதுக் கட்டுரைக்குப் போதும், ஐயா. “வேலியடைத்த இடம்” என்றால் யாருக்கும் புரியும். ஆய்வறிக்கையில்தான் இடிக்கிறது. பட்டியும் வேலிதான், ஆட்டை உள்ளே வைக்க. இங்கே ஆடு வெளியே நிற்க வேண்டும். அதோடு, நாம் பெயரிடுவது வேலிக்கு அல்ல, வேலி சூழ்ந்த நிலத்துக்கு. அதற்குள் முளைத்த நாற்றுகளை எண்ணி, அதே சரிவில், அதே ஈரமுள்ள திறந்த நிலத்தோடு ஒப்பிடுவார்கள். “தடுப்புவேலிக்குள் எத்தனை நாற்று?” என்று எழுதினால் சாலை மறியல் ஞாபகம் வருகிறது. ‘விலக்கப்பட்ட பகுதி’ மனிதர்களுக்குத் தடை போட்ட ராணுவ இடம்போல ஒலிக்கிறது. ‘வெளியடைப்பு’ ஆங்கிலச் சொல்லைப் பிய்த்து ஒட்டியது. பொருள் எந்தப் பக்கம் என்று இரண்டாம் முறை படித்தும் பிடிபடவில்லை.

> மேயாவேலி – காதுக்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது!

இருக்கிறது அம்மா, மறுக்கவில்லை. ஆனால் வேலியே பயிரை மேய்ந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ‘மேயாவேலி’ என்றதும் “அப்பாடா, இந்த வேலி மேயாதாம்” என்றுதான் முதலில் படிப்போம். இன்னொன்று, எக்ஸ்க்ளோஷர் மேய்ச்சலோடு நின்றுவிடுவதில்லை. கடலடி ஆய்வில் நண்டும் மீனும் புகாமல் கூண்டு கவிழ்க்கிறார்கள், அதற்கும் இதே பெயர்தான்.

என் பரிந்துரை ‘விலக்கடைப்பு’. எதை விலக்குகிறோம் என்பதை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்: கழுதை விலக்கடைப்பு, மீன் விலக்கடைப்பு. இந்த வசதி வெறும் அழகுக்கு அல்ல. சினாயில் பாறை ஹைராக்ஸ் என்றொரு சிறு தாவர உண்ணி உண்டு, ஏறுவதில் மன்னன். கழுதையை நிறுத்தும் கம்பிவலை அதை நிறுத்தும் என்று சொல்ல முடியாது. எந்த விலங்குக்கு எதிரான அடைப்பு என்று சொல்லாமல் “வேலிக்குள்ளும் செடி கடிபட்டது” என்று எழுதினால் வாசகர் வேலியைப் பழிப்பார். பெரியவற்றை நிறுத்திச் சிறியவற்றை விடுவதற்குப் ‘பகுதி விலக்கடைப்பு’ என்று தனியே வைத்துக்கொள்ளலாம்.

> பெதூயின்களின் ‘ஹில்ஃப்’ கட்டுப்பாடும் எக்ஸ்க்ளோஷர்தானே?

இந்தக் கேள்விதான் இழையிலேயே முக்கியமானது. அந்த மலைகளில் வாழும் ஜெபலியா பெதூயின்கள் என்ற மேய்ச்சல் குடியினர், குறிப்பிட்ட பள்ளத்தாக்கில் குறிப்பிட்ட காலம் மேய்ப்பதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளும் வழக்கம் ஹில்ஃப். கம்பியில்லை, தூணில்லை. காலம் முடிந்ததும் ஆடுகள் உள்ளே வரும். இதையும் விலக்கடைப்பு என்றால், அடைப்பே இல்லாத இடத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டியதாகும். இதற்கு ‘மேய்விலக்கு’ சரியாக வரும். மதுவிலக்கு நம் வாயில் ஏற்கனவே பழகிய அமைப்பு. ஊர் கூடி ஒன்றைத் தள்ளிவைக்கிறது என்ற பொருளும் அதில் கிடைக்கிறது. வரிவிலக்குபோல ‘சலுகை’ என்று யாரும் படித்துவிடுவார்களோ என்ற தயக்கம் கொஞ்சம் உண்டு. முதலில் வரும் இடத்தில் “மேய்ச்சலுக்குத் தடை” என்று விளக்கிவிட்டால் தீர்ந்தது.

கட்டுரையாளர் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினால் பாதுகாப்பு வேலையே தவறாகப் புரியும். பள்ளத்தாக்கின் அடியில் நட்ட தூண்களைத் திடீர் வெள்ளம் ஒரே இரவில் அடித்துப் போகலாம். பேச்சு வெள்ளத்தில் போகாது, ஆனால் வீட்டு ஆடுகளைக் கட்டுப்படுத்தும் அந்தப் பேச்சு உரிமையாளரில்லாத கழுதையை ஒன்றும் செய்யாது. ஆகவே எது எங்கே என்று பிரித்து எழுத வேண்டும்.

மாதிரிக்கு ஒரு வாக்கியம்: “மேல் பள்ளத்தில் கழுதை விலக்கடைப்பும், கீழ்ப் பள்ளத்தாக்கில் வசந்தகால மேய்விலக்கும் நடைமுறையில் உள்ளன.” இதை உரக்கப் படித்துப் பாருங்கள். இடறுகிற இடம் இருந்தால் எழுதுங்கள், மாற்றிக்கொள்ளலாம். ‘விலக்கு அடைப்பு’ என்று பிரித்து எழுத வேண்டாம் என்பதில் மட்டும் நான் உறுதி. பிரித்தால் ஏதோ கதவடைப்பை விலக்கிக்கொண்ட செய்திபோல ஆகிவிடுகிறது.