ஈரி கால்வாய் ஊர்கள்: தண்ணீர் இல்லாத ஊருக்கும் போக வேண்டுமா?

வழிப்போக்கன்:
ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள். ஆகஸ்டில் நான்கு நாள், நியூயார்க் மாநிலத்தின் ஈரி கால்வாயோரப் பழைய ஊர்களைக் காரில் பார்க்கலாம் என்று எண்ணம். பஃபலோவில் தொடங்கி லாக்போர்ட், மெடினா, ஃபேர்போர்ட் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். சிராக்யூஸ், ஜோர்டன் பக்கம் கால்வாயை மூடிவிட்டார்களாம். அந்தப் பக்கத்தை விட்டுவிடலாம்தானே?

காவிரிக்கரை:
தாராளமாக விடுங்கள். கால்வாய் பார்க்க வருகிறவர்களுக்குத் தண்ணீரும் படகும் கண்ணில் பட வேண்டும். லாக்போர்ட்டுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். ஏறக்குறைய 50 அடி உயரத்தைப் படகு அங்கே ஏறிக் கடக்கிறது. ஒரு பக்கம் பழைய ஐந்தடுக்கு லாக் அறைகள் (லாக் என்றால் தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டி), பெரிய கல் படிக்கட்டு போல. பக்கத்திலேயே இன்று புழங்கும் இரண்டு பெரிய லாக்குகள். கதவை மூடி, தண்ணீர் நிரப்பி, படகு மேலே வருவதைக் கரையில் நின்றே பார்க்கலாம். ஃபேர்போர்ட்டில் 1914இல் கட்டிய தூக்குப்பாலம் இருக்கிறது. படகு வந்தால் பாலமே மேலே போகும். குளிர்காலத்தில் அந்தப் பகுதியில் தண்ணீரை இறக்கிவிடுவார்கள், அதனால் ஆகஸ்ட் நல்ல தேர்வு.

தாழ்வாரம்:
காவிரிக்கரை அண்ணா, இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. சிராக்யூஸில் தண்ணீர் ஏன் இல்லை என்பதில்தான் கால்வாயின் பாதிக் கதை இருக்கிறது. 1825இல் திறந்தபோது ஆல்பனி முதல் பஃபலோ வரையிலான 363 மைலில் பெரும்பகுதி மனிதர் வெட்டிய தடம். பெரிய படகுகளுக்காக 1905 முதல் 1918 வரை மறுபடி கட்டியபோது, கிழக்கே பல இடங்களில் ஆறுகளையே ஆழப்படுத்திப் பாதையை அங்கே மாற்றிவிட்டார்கள். கால்வாயை நம்பிக் கடையும் கிடங்கும் கட்டிய ஊர்கள் வறண்ட கரையில் நின்றன. சிராக்யூஸில் கால்வாயைத் தூர்த்து ஈரி புல்வார்டு சாலை போட்டார்கள். சுங்கம் வசூலிக்கப் படகையே எடை போட்ட 1850ஆம் ஆண்டுக் கட்டடம் மட்டும் அந்தச் சாலையோரம் நிற்கிறது. இப்போது அது அருங்காட்சியகம். உள்ளே போனபோது, இந்த வாசலில் படகுகள் வரிசை கட்டி நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

காவிரிக்கரை:
வரலாறு சரி தம்பி. ஆனால் வருகிறவர்கள் வயதானவர்கள். நான் என் மாமனாரை ஒரு புல் மண்டிய பள்ளத்துக்கு முன் நிறுத்தி அரைமணி நேரம் விளக்கினேன். "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று கேட்டார். மனசு கஷ்டமாகிவிட்டது. அப்புறம், மேற்கே உள்ளவை வெறும் காட்சி ஊர்கள் இல்லை. மெடினாவில் கால்வாய் இன்னும் ஊருக்குள்ளேயே வளைந்து போகிறது. கடைத்தெருக் கட்டடங்களில் அங்கேயே வெட்டிய மணற்கல்லைப் பார்க்கலாம். அந்தக் கல் வெளியூர் போனதும் இந்தக் கால்வாய் வழியாகத்தான்.

மிதிவண்டிப்பயணி:
நான் பஃபலோவிலிருந்து ஆல்பனி வரை சைக்கிளில் போனவன். நடுவழி ஒன்று சொல்கிறேன்: கமிலஸ். சிராக்யூஸுக்கு மேற்கே, பக்கத்திலேயே இருக்கிறது. ஓர் ஓடைக்கு மேலே கால்வாயைக் கொண்டுபோன தொட்டிப்பாலத்தை 2009இல் சீரமைத்துவிட்டார்கள். மாத்தூர் தொட்டிப்பாலம் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், இங்கே அதன்மேல் படகு போகும். கரையோரம் கோவேறு கழுதைகள் படகை இழுத்து நடந்த பாதை இருக்கிறது. அதில் பத்து நிமிடமாவது நடக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்துப் படகின் வேகம் நம் நடைவேகம்தான்.

செம்பருத்தி:
எல்லோரும் 1825இலிருந்தே தொடங்குகிறீர்கள். கால்வாய் ஓடும் நிலம் ஹோடெனொஷோனி என்ற பூர்வகுடிக் கூட்டமைப்பு மக்களுடையது. ஒனைடா, செனிகா எல்லாம் அதில் அடங்கிய இனங்கள். அவர்களில் ஒனைடா மக்களில் பெரும்பாலோர் அமெரிக்க விடுதலைப் போரில் அமெரிக்கர்கள் பக்கம் நின்றார்கள். அப்படியும் அவர்கள் நிலத்தில் பெரும்பகுதி பறிபோனது. கால்வாய் திறந்தபோது ஆளுநர் டிவிட் கிளின்டன் போன படகின் பெயர் 'செனிகா சீஃப்', செனிகா தலைவன். நிலத்தை இழந்தவர்களின் பெயரைப் படகில் எழுதியிருக்கிறார்கள், எனக்கு அதை எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. விக்டர் என்ற ஊரில் கனோண்டகன் இருக்கிறது, 1687இல் பிரெஞ்சுப் படை வந்து அழிந்த செனிகா ஊர். மரப்பட்டை வேய்ந்த நீள்வீடு ஒன்றைப் பழையபடி கட்டி வைத்திருக்கிறார்கள். பழைய ஊர் என்றால் முதலில் அதுதான்.

காவிரிக்கரை:
நியாயம் அக்கா. நான் அதை யோசிக்கவே இல்லை. ஃபேர்போர்ட்டிலிருந்து விக்டர் பக்கம்தான், அதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஜோர்டன் விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை. நான்கு நாளில் அது வீண் அலைச்சல்.

தாழ்வாரம்:
ஜோர்டனில் கால்வாய்ப் படுகையே இன்று ஊர் நடுவில் பூங்கா. கமிலஸ் வரை வருகிறவர்களுக்கு அது அதிக தூரமில்லை. அவ்வளவுதான் சொல்வேன்.

வழிப்போக்கன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு இதையெல்லாம் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து மதகு திறந்து மூடியவர். லாக் கதையைக் கேட்டுத் தலையாட்டினார். ஜோர்டன் வந்ததும், "தண்ணியை எந்த இடத்துல திருப்பினாங்க? அந்த இடத்தைக் காட்டுவியா?" என்றார். திட்டத்தை மாற்றிவிட்டேன். முதல் நாள் லாக்போர்ட், இரண்டாம் நாள் மெடினா, ஃபேர்போர்ட். மூன்றாம் நாள் காலை கனோண்டகன், மாலை ஜோர்டன். நான்காம் நாள் கமிலஸ், சிராக்யூஸ். தாழ்வாரம் தம்பி, பழைய தடமும் ஆற்றுப்பாதையும் பிரியும் இடத்தில் காரை நிறுத்த வழி இருக்கிறதா? அப்பாவால் அதிக தூரம் நடக்க முடியாது.