ல, ள, ழ குழப்பத்துக்கு வசனம் வேண்டும்

வணக்கம். எங்கள் குடியிருப்பில் பொங்கல் விழாவுக்குக் குழந்தைகளை வைத்து ஒரு சின்ன நகைச்சுவை நாடகம் போடுகிறோம். விருந்தாளி ஒருவர் வந்து, "பெரியவர் இருக்காரா?" என்று கேட்கிறார். "தாத்தா கொள்ளைக்குப் போயிருக்காரு" என்கிறான் பேரன். அவர் போனது என்னவோ கொல்லைக்கு, முருங்கைக்காய் பறிக்க! அதற்குள் சமையலறையிலிருந்து ஒரு குரல்: "தவளை அடை சூடா இருக்கு, சாப்பிட்டுத்தான் போகணும்." தவலை அடையைக் கேள்விப்படாதவர் என்றால் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவிடுவார். அப்புறம் பாயசத்துக்கு வெள்ளம் பத்தவில்லை என்று ஒரு சண்டை.

இதற்கு மேல் ஓடவில்லை. வீட்டிலோ கடைத்தெருவிலோ உங்கள் காதில் விழுந்தது இருந்தால் சொல்லுங்களேன். மலை, மழை, பள்ளி, பல்லி எல்லாம் சொல்லிச் சொல்லிச் சலித்தவை. அரம், அறம் மாதிரி ஜோடிகளும் வேண்டாம். பேச்சில் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் கேட்கும், மேடையில் எடுபடாது. நெல்லைப் பக்கத்து ஆட்கள் யாராவது வாழை இலையையும் வாளை மீனையும் வைத்து நாலு வரி எழுதித் தந்தால் ரொம்ப நல்லது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும், பிள்ளைகள் மனப்பாடம் பண்ண வேண்டுமே.